கம்பெனி ஸ்பான்சர் பண்ற யு.கே. விசா: கையெழுத்து போடறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் போடுங்க



"யு.கே.ல வேலை கிடைச்சிருக்கு, விசாவும் கம்பெனியே ஸ்பான்சர் பண்றாங்க." கேட்கவே சந்தோஷமா இருக்கும். ஆனா ஸ்பான்சர் பண்றதுன்னா எல்லாச் செலவையும் கம்பெனி ஏத்துக்கும்னு அர்த்தம் இல்லை. அம்மாவோட நகையை அடகு வைக்கறதுக்கு முன்னாடி, வாங்க, கணக்கைப் பார்த்துடலாம்.

கையில எவ்வளவு வரும்?

ஸ்கில்டு வொர்க்கர் விசாவுக்கு, 2025 ஜூலை 22 முதல் பொதுவான குறைந்தபட்ச ஆண்டு சம்பளம் 41,700 பவுண்ட். உங்க வேலைக்கு அரசு நிர்ணயித்த தொகை இதைவிட அதிகம்னா, அதுதான் கணக்கு. 26 வயசுக்குக் கீழே இருக்கறவங்க மாதிரி சிலருக்கு மட்டும் வரம்பு குறைவு.

இங்கிலாந்தில் வேலைன்னு வெச்சுப்போம். மாசம் 3,475 பவுண்ட். முதல் 12,570 பவுண்டுக்கு வருமான வரி இல்லை. அதுக்கு மேல 20% வரி, 8% நேஷனல் இன்சூரன்ஸ். ரெண்டும் போக கையில் சுமார் 2,795 பவுண்ட். பென்ஷன் பிடித்தம் இருந்தா இன்னும் குறையும். வாடகை, கவுன்சில் டாக்ஸ், ஊருக்கு அனுப்பற பணம் எல்லாமே இதிலிருந்துதான்.

யார் எதைக் கட்டணும்?

இமிக்ரேஷன் ஸ்கில்ஸ் சார்ஜ், ஸ்பான்சர்ஷிப் சான்றிதழுக்கான கட்டணம் இரண்டும் கம்பெனியோட பொறுப்பு. இதை உங்க சம்பளத்தில் பிடிக்கக் கூடாது.

விசா கட்டணமும் ஹெல்த் சர்சார்ஜும் உங்க பொறுப்பு. கம்பெனி விரும்பினா கட்டலாம், கட்டாயம் இல்லை. சர்சார்ஜ் பெரியவங்களுக்கு வருஷத்துக்கு 1,035 பவுண்ட், குழந்தைக்கு 776. மூணு வருஷ விசாவுக்கு நீங்க, துணை, ஒரு குழந்தைன்னா மொத்தம் 8,538 பவுண்ட். இதை மாசா மாசம் கட்ட முடியாது, விண்ணப்பிக்கும்போதே மொத்தமா கட்டணும். பாதியில ஊர் திரும்பினா மிச்சம் திரும்ப வராது.

வேலை போனா?

இங்கதான் உண்மையான ரிஸ்க். இந்த விசா அந்த வேலையோட கட்டப்பட்டது. வேலை போனா, விசாவைக் குறைச்சு பொதுவா 60 நாள் அவகாசம் தருவாங்க. அதுக்குள்ள புது ஸ்பான்சர் கிடைச்சு புதுசா விண்ணப்பிக்கணும், இல்லைன்னா குடும்பத்தோட கிளம்பணும். ஊர்ல வாங்கின கடனோட இ.எம்.ஐ. மட்டும் நிக்காது.

கையெழுத்துக்கு முன்னாடி நாலு விஷயம்

1. கம்பெனி பேர், யு.கே. அரசு இணையதளத்தில் இருக்கற உரிமம் பெற்ற ஸ்பான்சர் பட்டியலில் இருக்கான்னு பாருங்க.
2. "சீக்கிரம் வேலையை விட்டா விசா செலவைத் திருப்பித் தரணும்"னு ஒப்பந்தத்தில் இருக்கா? எத்தனை வருஷத்துக்கு, எவ்வளவுன்னு எழுத்துல வாங்குங்க.
3. மூணு மாசச் செலவும் திரும்பி வர டிக்கெட் காசும் தனியா இருக்கணும். அது கடன் வாங்கின பணமா இருக்கக் கூடாது.
4. ஸ்பான்சர்ஷிப் சான்றிதழை விலைக்குத் தர்றேன்னு ஏஜென்ட் சொன்னா, அங்கேயே விலகிடுங்க.

இந்தக் கணக்கு உங்களுக்கு ஒத்து வந்தா தைரியமா கிளம்புங்க. ஒத்து வரலைன்னா ஹெச்.ஆர். கிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "ஹெல்த் சர்சார்ஜை நீங்க கட்டுவீங்களா?" ஆஃபரை ஏத்துக்கறதுக்கு முன்னாடி கேட்டாதான் அதுக்கு மதிப்பு.

உங்க கணக்கு என்ன சொல்லுதுன்னு கமெண்ட்ல எழுதுங்க. அடுத்த பதிவில் சந்திப்போம்!