நெஞ்சைப் பிசையுதா... சோடாவைத் தேடாதீங்க!

விடியற்காலை 4 மணிக்கு மோட்டார் போடப் போன மனிதர், பாதி வழியில் வரப்பிலேயே உட்கார்ந்துவிடுகிறார். நெஞ்சின் நடுவில் யாரோ ஏறி அமர்ந்த மாதிரி பாரம். இடது தோள் கடுக்கிறது. பனிக்காற்றிலும் சட்டை நனையும் அளவுக்கு வியர்வை. தட்டுத்தடுமாறி வீட்டுக்கு வந்தால், "ராத்திரி மொச்சைக் கொழம்பு சாப்ட்டீங்கள்ல, வாய்வுதான்" என்று ஓமத்தண்ணீர் வருகிறது. கேட்கவில்லை என்றால் கடையிலிருந்து சோடா. அதற்கும் கேட்கவில்லை என்றால் நெஞ்சில் தைலம். பிறகு, பக்கத்துத் தெருவில் ஊசி போடுபவரிடம் ஒரு 'கேஸ் ஊசி'. இப்படியே 3 மணி நேரம், 4 மணி நேரம் ஓடிவிடுகிறது. மேலூர், உசிலம்பட்டி, பேரையூர், சோழவந்தான் என மதுரையைச் சுற்றி எந்த ஊரில் கேட்டாலும் இதுபோல ஒரு கதை கிடைக்கும்.

அந்த 3, 4 மணி நேரத்தில் உள்ளே நடப்பதுதான் விஷயம். உடம்பு முழுவதற்கும் ரத்தத்தை அனுப்பும் இதயத்துக்கும் தனியாக ரத்தம் வேண்டும். அதைக் கொண்டுவருபவை கரோனரி ரத்தக்குழாய்கள். பீடி, சிகரெட், சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, கொழுப்பு ஆகியவற்றால் வாய்க்காலில் வண்டல் படிவதுபோல இந்தக் குழாய்களின் உட்சுவரில் கொழுப்பு படிகிறது. ஒருநாள் அந்தப் படிவில் வெடிப்பு விழுந்து, அதன்மேல் ரத்தம் உறைந்து குழாயை அடைத்துவிடும். அதற்குப் பெயர்தான் மாரடைப்பு. மடை அடைத்தால் கடைமடை காய்வதைப்போல, அந்தக் குழாயை நம்பியிருக்கும் தசை அரை மணி நேரத்துக்குள்ளாகவே சாகத் தொடங்குகிறது. காய்ந்த நாற்றாவது தண்ணீர் விட்டால் சில சமயம் தலைதூக்கும். செத்த இதயத்தசை திரும்ப உயிர்பெறுவதில்லை.

எல்லா நெஞ்சுவலியும் மாரடைப்பா?

இல்லை. மூட்டை தூக்கியதில் விலாத்தசை பிடித்துக்கொண்டாலும் நெஞ்சு வலிக்கும். விரலால் ஓரிடத்தைத் தொட்டுக்காட்ட முடிந்து, அங்கே அழுத்தினால் வலி கூடினால் அது பெரும்பாலும் தசைவலி. சாப்பிட்டுப் படுத்ததும் புளிப்பு எதுக்களித்து எரிந்தால் அது அமில நெஞ்சுக்கரிப்பாக இருக்கலாம். காய்ச்சல், சளியோடு மூச்சை இழுக்கும்போது குத்தினால் நிமோனியாவையோ, நுரையீரல் உறையில் ஏற்பட்ட அழற்சியையோ சந்தேகிக்க வேண்டும். நெஞ்சின் ஒரு பக்கம் மட்டும் எரிந்து, இரண்டொரு நாளில் கொப்புளம் போட்டால் அது அக்கி.

இதயவலியை மக்கள் 'வலி' என்று சொல்வதே குறைவு. 'அமுக்குது', 'பிசையுது', 'இறுக்கிப் பிடிக்குது' என்பார்கள். இடத்தைக் காட்டச் சொன்னால் ஒரு விரலுக்குப் பதிலாக முழு உள்ளங்கையையும் நெஞ்சின் நடுவில் வைப்பார்கள். அது தோள், கை, கழுத்து, தாடை, முதுகு என்று பரவும். வியர்வை, குமட்டல், மூச்சுத்திணறல் சேர்ந்துகொள்ளும். ஏப்பமும் வரும். ஏமாற்றுவதே அந்த ஏப்பம்தான். ஏப்பம் வந்தது என்பதால் அது வாய்வு என்று ஆகிவிடாது.

மேடேறும்போதோ வரப்பு வெட்டும்போதோ நெஞ்சு இறுகி, உட்கார்ந்தால் சில நிமிடங்களில் சரியாகிறது என்றால், அது குழாய் சுருங்கியிருப்பதற்கான எச்சரிக்கை. அந்த வாரமே மருத்துவரைப் பார்க்க வேண்டும். உட்கார்ந்தும் 10, 15 நிமிடங்களில் விடவில்லை என்றால், அது உடனடியாகக் கிளம்ப வேண்டிய வலி.

சர்க்கரை நோயாளிகளுக்கு நரம்பு மரத்துப்போவதால் வலியே இல்லாமலும் மாரடைப்பு வரலாம். பெண்களுக்கும் முதியவர்களுக்கும் தாடைவலி, முதுகுவலி, வாந்தி, திடீர்ச் சோர்வு என்று வேறு முகத்தில் வரும். களையெடுக்கப் போன அம்மா "என்னமோ கிறுகிறுன்னு வருது, படுத்துக்கிறேன்" என்றால் வீட்டில் யாரும் ஈ.சி.ஜி-யைப் பற்றி நினைப்பதில்லை. ஆண்களுக்காவது சோடா வாங்க ஆள் ஓடுகிறது.

ஒரு ஈ.சி.ஜி போதுமா?

வலியோடு வருபவருக்கு முதல் 10 நிமிடங்களுக்குள் ஈ.சி.ஜி எடுக்க வேண்டும் என்பது மருத்துவ விதி. குழாய் முழுதாக அடைபட்டிருந்தால் பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும். ஆனால், முதல் ஈ.சி.ஜி சரியாக இருந்தும் மாரடைப்பு இருக்கலாம். அதனால்தான் சிறிது நேரம் விட்டு மறுபடியும் எடுப்பார்கள். இதயத்தசை சிதைந்தால் ரத்தத்தில் கசியும் 'ட்ரோபோனின்' என்ற புரதத்தையும் பார்ப்பார்கள். அது ரத்தத்தில் ஏறச் சில மணி நேரம் ஆகும் என்பதால், அந்தச் சோதனையையும் இரண்டாவது முறை செய்யச் சொல்வார்கள். 'ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க, இன்னும் எதுக்கு உக்காரணும்' என்று அவசரப்பட்டு எழுந்து வருவது ஆபத்து.

மதுரைக்கே போக வேண்டுமா?

அடைப்பைத் திறக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, உறைந்த ரத்தத்தைக் கரைக்கும் ஊசி (ஸ்ட்ரெப்டோகைனேஸ், டெனெக்டிப்ளேஸ்). இதை 12 மணி நேரத்துக்குள் போடலாம். என்றாலும் முதல் 3 மணி நேரத்தில் போட்டால்தான் முழுப்பலன். இன்னொன்று, பலூன் மூலம் குழாயை விரித்து ஸ்டென்ட் வைக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி. சீக்கிரம் செய்ய முடிந்தால் இதுவே மேல். ஆனால், 'கேத் லேப்' வசதி மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைகளில்தான் உண்டு.

இதற்கு வழிகாட்டியது தமிழ்நாட்டிலேயே நடந்த ஓர் ஆய்வு. சிறிய மருத்துவமனைகளையும் கேத் லேப் உள்ள பெரிய மருத்துவமனைகளையும் ஆம்புலன்ஸ் மூலம் இணைத்து, 2012 முதல் 2014 வரை 2,420 மாரடைப்பு நோயாளிகளைக் கவனித்தார்கள். அருகிலேயே கரைக்கும் ஊசி, பிறகு பெரிய மருத்துவமனையில் ஆஞ்சியோகிராம் என்பது இந்த ஏற்பாட்டின் முக்கிய அம்சம். ஓராண்டுக்குள் ஏற்பட்ட இறப்பு 17.6 சதவிகிதத்திலிருந்து 14.2 சதவிகிதமாகக் குறைந்தது. 2017-ல் இந்த முடிவுகள் வெளியாகின. அதாவது 100 பேரில் 3 பேர் கூடுதலாகப் பிழைத்தார்கள்.

2023-ல் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் முதல் தவணை மாத்திரைகள் தருகிறார்கள். ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாடின் என்ற மூன்று வகை மருந்துகள் அவை. உறைவு மேலும் வளராமல் தடுத்து, பெரிய மருத்துவமனைக்குப் போகும்வரை தாக்குப்பிடிக்க இவை உதவும்.

அதனால், வலி வந்ததும் 108-ஐ அழைப்பதுதான் சரி. டி.வி.எஸ் ஃபிஃப்டியில் இரண்டு பேருக்கு நடுவில் உட்காரவைத்து மதுரைக்குக் கிளம்புவது தவறு. வழியில் இதயத்துடிப்பு தாறுமாறானால் வண்டியில் எதுவும் செய்ய முடியாது. நோயாளி தானே வண்டி ஓட்டுவதும், 'பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்துடுறேன்' என்பதும் கூடாது. நினைவிழந்து மூச்சு நின்றால், நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 செ.மீ ஆழத்துக்கு அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தக் கூடாது.

அடிக்கடி வரும் கேள்விகள்

*நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையை, பக்கத்து வீட்டுக்காரரிடம் வாங்கி வைக்கலாமா?*

அது ரத்த அழுத்தத்தைச் சட்டென்று இறக்கும். ஏற்கெனவே அழுத்தம் குறைந்திருந்தால் நோயாளி மயங்கிவிழுவார். தனக்கென்று மருத்துவர் எழுதித்தந்திருந்தால் மட்டுமே வைக்க வேண்டும்.

*தேள் கொட்டினாலும் நெஞ்சு அடைக்குமா?*

அடைக்கும். செந்தேள் விஷத்தால் இதயம் பலவீனமாகி, நுரையீரலில் நீர் கோக்கும். வியர்த்து, கைகால் சில்லிட்டு, மூச்சு முட்டினால் மந்திரிக்க உட்காராமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். பிரசோசின் என்ற எளிய மாத்திரை இதில் உயிர்காக்கும் என்று காட்டியவர், மகாராஷ்டிரா மாநிலம் மகாட் ஊரைச் சேர்ந்த மருத்துவர் ஹிம்மத்ராவ் பவஸ்கர்.

*ஸ்டென்ட் வைத்து நன்றாக இருக்கிறார். மாத்திரையை நிறுத்தலாமா?*

கூடாது. ஸ்டென்டில் ரத்தம் உறையாமல் காப்பதே அந்த மாத்திரைகள்தான். இரண்டு மாத்திரைகளைச் சேர்த்துச் சாப்பிடுவது பொதுவாக ஓராண்டு வரை தொடரும். அதற்குப் பிறகும் ஒன்று தொடரும். விரதம், கிடாவெட்டு, நாட்டு மருந்து என்று எந்தக் காரணத்துக்காகவும், மருத்துவரைக் கேட்காமல் ஒருநாள்கூட விடக் கூடாது. 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்குமான மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. வரப்பு வெட்டுவது, மூட்டை தூக்குவதெல்லாம் மருத்துவர் சொன்ன பிறகுதான். அதுவரை நடையை மட்டும் மெதுவாகக் கூட்டலாம்.

*பழைய ஈ.சி.ஜி-யைத் தூக்கிப் போட்டுவிடலாமா?*

வேண்டாம். அடுத்த முறை வலி வரும்போது புதியதோடு ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் உதவும். அது பல இடங்களில் வெப்பத்தாளில் எடுக்கப்படுவதால், சில ஆண்டுகளில் எழுத்தும் கோடும் மங்கி வெறும் தாளாகிவிடும். எடுத்த அன்றே ஒரு நகல் போட்டு, செல்போனிலும் படம் பிடித்து, காப்பீட்டு அட்டையோடு ஒரே உறையில் வைத்துக்கொண்டால், இரவு 2 மணிக்குத் தேட வேண்டியிருக்காது.