ஆய்வுக் கட்டுரையும் அறிவுரைத் தாளும்

நெல்லுக்குத் தழைச்சத்து இடுவதைப் பற்றி ஓர் ஆராய்ச்சியாளர் மற்ற ஆராய்ச்சியாளர்களுக்கு எழுதுவதையும், அதையே உங்களுக்கு எடுத்துச் சொல்வதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், இரண்டும் வெவ்வேறு செய்திகளோ என்ற ஐயம் எழும். செய்தி ஒன்றுதான். ஆனால் கட்டுரையில் உள்ள பல விவரங்கள் அறிவுரைத் தாளுக்கு வரும்போது விடுபட்டுப் போகின்றன. எவை விடுபடுகின்றன என்று அறிந்துகொண்டால் உரச்செலவு மிச்சமாகும். பயிர் சாய்வதையும் தவிர்க்கலாம்.

இலை வண்ண அட்டையையே எடுத்துக்கொள்வோம். இலையின் பச்சை நிறத்தைக் கொண்டு பயிரின் தழைச்சத்து நிலையை அறியலாம் அல்லவா? பிலிப்பைன்சில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தார் 1990-களில், இலையைக் கவ்விப் பிடித்துப் பச்சையத்தை எண்ணாகக் காட்டும் கருவியைக் கொண்டு ஆய்வு செய்தனர். நடவு நெல்லில் அந்த எண் 35-க்குக் கீழே இறங்கினால் தழைச்சத்து இடவேண்டும் என்று எழுதினர். படிக்கும் ஆராய்ச்சியாளருக்கு அந்த எண் மட்டும் போதாது. எந்த இரகம், எந்தப் பருவம், நடவா நேரடி விதைப்பா, எத்தனை பாத்திகளில் திரும்பத் திரும்பச் செய்தீர்கள் என்று கேட்பார். ஆகவே கட்டுரையின் பெரும்பகுதி இக்கேள்விகளுக்கு விடையாகவே அமைகிறது.

உங்களிடம் அந்தக் கருவி இல்லை, விலையும் அதிகம். எனவே 35 என்ற எண் ஓர் அட்டையின் 4-ஆம் எண் பச்சை நிறமாக மாறி உங்களிடம் வந்தது. நட்ட 14-ஆம் நாள் முதல் வாரம் ஒருமுறை, காலை 8 மணி முதல் 10 மணிக்குள், மேலிருந்து மூன்றாவதாக நன்கு விரிந்த இலையை 10 இடங்களில் அட்டையுடன் ஒப்பிட வேண்டும். இலையைப் பறிக்கக் கூடாது; வெயில் படாமல் உங்கள் உடல் நிழலில் வைத்துப் பார்க்க வேண்டும். ஆறு இடங்களுக்குக் குறையாமல் நிறம் வெளிறியிருந்தால் உரம் இடலாம். நல்ல, எளிய முறை.

ஆனால் '4-க்குக் குறைந்தால் உரம்' என்று மட்டும் வாய்வழியாகப் பரவிவிட்டது. வெள்ளைப் பொன்னிக்கு அது பொருந்தாது; அதற்கு 3-தான் அளவு. வெள்ளைப் பொன்னி இயல்பிலேயே குறைந்த தழைச்சத்தில் விளைவது, உயரமாக வளர்வது. அதற்கு 4-ஐ வைத்து யூரியா இட்டால் பயிர் கருகருவென்று நின்று பார்க்க அழகாக இருக்கும். பின்னர் இலைச்சுருட்டுப் புழு, குலைநோய் சேரும், கதிர் முற்றும் சமயத்தில் சாயும். கட்டுரையில் இரகத்தின் பெயர் முதல் பக்கத்திலேயே இருக்கும். அறிவுரைத் தாளில் அது கடைசி வரிக்குப் போய்விடுகிறது. குற்றம் படிப்பவருடையது அன்று, எழுதும் எங்களுடையது.

அளவிலும் இதே குழப்பம் உண்டு. வறண்ட பருவத்தில் ஒரு முறைக்கு எக்டருக்கு 35 கிலோ தழைச்சத்து என்பது பரிந்துரை. மழைப் பருவத்தில் 30 கிலோ. இது சத்தின் எடை, யூரியாவின் எடை அன்று. யூரியாவில் தழைச்சத்து 46 விழுக்காடுதான். ஆகவே 35 கிலோ சத்துக்கு எக்டருக்கு 76 கிலோ யூரியா, ஏக்கருக்குச் சுமார் 31 கிலோ தேவை. 45 கிலோ மூட்டையை அப்படியே ஓர் ஏக்கரில் கொட்டிவிடாதீர்கள்.

புதிய இரகங்களைப் பற்றிய செய்தியையும் இவ்வாறே பார்க்க வேண்டும். ஓர் இரகம் மற்றதைவிட எக்டருக்கு 200 கிலோ கூடுதல் தந்தது என்று வைத்துக்கொள்வோம். கட்டுரையின் அட்டவணை அடியில், இத்தனை கிலோவுக்குக் குறைந்த வித்தியாசம் மண்ணின் ஏற்றத்தாழ்வாலும் நேரலாம் என்று ஓர் எண் தரப்பட்டிருக்கும். அந்த எண் 300 ஆக இருந்தால் ஆராய்ச்சியாளர் இரண்டு இரகங்களையும் சமமாகவே கொள்வார். அறிவுரைத் தாளில் '200 கிலோ கூடுதல்' மட்டும் அச்சாகும்.

அடுத்த முறை வேளாண்மை அலுவலர் ஒரு பரிந்துரையைக் கூறும்போது, எந்த இரகத்தில், எந்தப் பருவத்தில், எத்தனை இடங்களில் பார்த்தது என்று கேளுங்கள். சொல்லப்படும் கிலோ சத்தா உரமா, எக்டருக்கா ஏக்கருக்கா என்பதையும் அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள்.