டிஸ்க்கோடு போன உரிமை

பெட்டிக்குள் ஒரு போர் – 9

சென்ற வாரம் ‘சிம் சிட்டி’யின் கதையைப் பார்த்தோம். 2013 மார்ச்சில் அதைக் காசு கொடுத்து வாங்கியவர்கள், தனியாக உட்கார்ந்து நகரம் கட்டுவதற்குக்கூட நிறுவனத்தின் சர்வர் வழிவிடும்வரை காத்துக் கிடந்தார்கள். அந்தக் கோபம் ஆறுவதற்குள் அதே நிபந்தனை ஒரு கன்சோலுக்கே வந்து சேர்ந்தது.

மைக்ரோசாஃப்ட் தன் எக்ஸ்பாக்ஸ் ஒன்னை மே 21 அன்று ரெட்மண்டில் அறிமுகம் செய்தது. விதிகளை எழுத்தில் கொடுத்தது ஜூன் 6 அன்றுதான். ஓய்வூதியர் ஆண்டுக்கொருமுறை உயிர்வாழ் சான்று கொடுப்பதைப்போல, இந்தப் பெட்டி 24 மணி நேரத்துக்கு ஒருமுறை இணையத்தில் தலைகாட்ட வேண்டும். தவறினால் எந்த கேமும் ஓடாது. வேறொருவர் வீட்டுப் பெட்டியில் உங்கள் கணக்கில் நுழைந்து ஆடினால் அந்த அவகாசம் ஒரு மணி நேரம். டிஸ்க்கை நண்பருக்குக் கொடுத்துவிடலாம். ஆனால் அவர் உங்கள் நண்பர் பட்டியலில் குறைந்தது 30 நாள் இருந்திருக்க வேண்டும். ஒரு கேமை ஒரு தடவைதான் அப்படிக் கொடுக்க முடியும். கடையில் விற்பதற்கு கேமை வெளியிட்டவர் சம்மதிக்க வேண்டும். கடையும் இந்த ஏற்பாட்டில் சேர்ந்ததாக இருக்க வேண்டும். இரவலும் வாடகையும் தொடக்கத்தில் கிடையாது.

இத்தனை கெடுபிடி எதற்கு? அமெரிக்காவில் அப்போது புது கேம் 60 டாலர். பள்ளிப் பையன்கள் ஆடி முடித்ததை கேம்ஸ்டாப் போன்ற கடையில் கொடுத்து, அந்தத் தொகையைக் கழித்துக்கொண்டு அடுத்ததை வாங்குவார்கள். அந்த இரண்டாவது விற்பனையில் தயாரித்தவருக்கு ஒரு காசு வராது. இழப்பு உண்மைதான். ஆனால் நாவல் விற்பவருக்கும் அதே இழப்பு உண்டு. அதற்கான தீர்ப்பு 1908-லேயே வந்துவிட்டது. பாப்ஸ்-மெரில் பதிப்பகம் ஒரு நாவலில், ஒரு டாலருக்குக் குறைத்து விற்றால் பதிப்புரிமை மீறல் என்று அச்சடித்திருந்தது. மேசி கடைக்காரர்கள் அதை 89 சென்ட்டுக்கு விற்றார்கள். பதிப்பகம் வழக்குப் போட்டது. முதல் விற்பனையோடு பதிப்பகத்தின் பிடி முடிந்தது என்றது அமெரிக்க உச்ச நீதிமன்றம். ஜப்பானிலும் கேம் நிறுவனங்கள் பழைய கேம் கடைகள்மீது வழக்குத் தொடுத்து, 2002-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தில் தோற்றன.

மைக்ரோசாஃப்ட் சட்டத்தோடு மோதவில்லை. டிஸ்க்கை வெறும் உறையாக்கிவிட்டு, கேமை உங்கள் கணக்கில் பதியும் அனுமதியாக மாற்றப் பார்த்தது. டிஸ்க் உங்கள் சொத்து, உள்ளே இருப்பது அவர்களுடையது. நான் இதை அநியாயம் என்றே நினைக்கிறேன். அந்தத் திட்டத்தில் நல்ல அம்சமும் இருந்தது: குடும்பத்தில் பத்துப் பேர்வரை ஒரே தொகுப்பைப் பகிர்ந்துகொள்ளலாம். அதை இணையத்தில் இறக்கிக்கொள்ளும் கேம்களுக்கு மட்டும் கொடுத்து, டிஸ்க்கை அதன்போக்கில் விட்டிருக்கலாம்.

ஜூன் 10, லாஸ் ஏஞ்சலஸ், இ3 கண்காட்சி. சோனியின் ஜாக் ட்ரெட்டன் மேடையேறி, பிளேஸ்டேஷன் 4-ல் பழைய கேமுக்குத் தடையில்லை, இணையத்தில் தலைகாட்டத் தேவையில்லை என்றபோது அரங்கம் ஆர்ப்பரித்தது. விலையும் 399 டாலர். எக்ஸ்பாக்ஸைவிட 100 குறைவு. கேமை இரவல் கொடுப்பது எப்படி என்று சோனி ஒரு குட்டி வீடியோவும் போட்டது. சோனியின் ஷுஹேய் யோஷிடா கேமை நீட்டுகிறார், பக்கத்தில் நிற்பவர் வாங்கிக்கொள்கிறார். அவ்வளவுதான் வீடியோ.

இணையம் இல்லாதவர்களுக்கு எக்ஸ்பாக்ஸ் 360 இருக்கிறதே என்று பதில் சொன்னார் மைக்ரோசாஃப்டின் டான் மாட்ரிக். கடலில் மாதக்கணக்கில் இருக்கும் கடற்படை வீரருக்கும் அதே பதில்தான். முதலில் அறிவித்த 21 நாடுகளில் இந்தியா இல்லை, போலந்தும் இல்லை. மைக்ரோசாஃப்டின் இ3 மேடையிலேயே காட்டப்பட்ட ‘விட்சர் 3’ உருவாகிக்கொண்டிருந்தது வார்சாவில்! ஜூன் 19 அன்று நிறுவனம் பின்வாங்கியது. 24 மணி நேர விதி போயிற்று, குடும்பப் பகிர்வும் கூடவே போயிற்று. ஜூலை முதல் தேதி மாட்ரிக்கும் வேறு நிறுவனத்துக்குப் போனார்.

ஆட்டக்காரர்கள் வென்றார்கள். ஆனால் அவர்கள் காப்பாற்றியது டிஸ்க்கை. வாங்கியவருக்கு என்று தனியாக ஓர் உரிமை அன்று எழுதப்படவில்லை. அதனால் 2019-ல் டிஸ்க் போடும் இடமே இல்லாத எக்ஸ்பாக்ஸ் ஒன் எஸ் வந்தபோதும், 2020-ல் பிளேஸ்டேஷன் 5-ன் டிஜிட்டல் பதிப்பு வந்தபோதும், எந்த விதியும் போட வேண்டியிருக்கவில்லை. இறக்கிக்கொண்ட கேமை யாருக்கும் விற்க முடியாது. அரங்கம் அதிரவில்லை, யாரும் பின்வாங்கவும் இல்லை.

பிரான்சில் யுஎஃப்சி-க் ஷ்வாஸீர் என்ற நுகர்வோர் அமைப்பு, ஸ்டீம் என்ற இணைய கேம் கடையை நடத்தும் வால்வ் நிறுவனத்தை நீதிமன்றத்துக்கு இழுத்தது. 2019-ல் பாரிஸ் நீதிமன்றம் மறுவிற்பனை செய்யலாம் என்றது. மேல்முறையீட்டில் 2022-ல் அது கவிழ்ந்தது. 2024-ல் உச்ச நீதிமன்றமும் கைவிரித்தது. கலிஃபோர்னியா 2025 முதல் வேறொரு வழியில் போயிருக்கிறது: பொத்தானில் ‘வாங்கு’ என்று போட்டால், நீங்கள் பெறுவது அனுமதி மட்டுமே என்பதையும் கடை தெளிவாகச் சொல்லியாக வேண்டும்.

2025 ஜூனில் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் 2-க்குச் சில கேம்கள் ‘கீ கார்டு’ வடிவில் வருகின்றன. அட்டைக்குள் கேம் இல்லை, சாவி மட்டுமே. விற்கலாம், இரவல் தரலாம். வாங்கியவர் அதைச் செருகி, நிறுவனத்தின் சர்வரிலிருந்து கேமை இறக்கிக்கொள்ள வேண்டும். அந்த சர்வர் நின்றுவிட்டால்? 2024 மார்ச் 31 அன்று யுபிசாஃப்ட் நிறுவனம் ‘தி க்ரூ’ கேமின் சர்வரை அணைத்தபோது நடந்ததை அடுத்த வாரம் பார்ப்போம்.