பழைய மேசைக் கணினியில் நினைவக மேம்படுத்தல்

நினைவக மேம்படுத்தல் என்பது, பயன்பாட்டில் உள்ள கணினியொன்றின் முதன்மை நினைவகக் கொள்ளளவை, கூடுதல் நினைவகப் பலகைகளைப் பொருத்தியோ, இருப்பவற்றை நீக்கிப் பெரியவற்றைப் பொருத்தியோ உயர்த்துவதாகும். முதன்மை நினைவகம் பொதுவழக்கில் ரேம் எனப்படுகிறது. பழைய மேசைக் கணினியொன்றைக் கைவிடாமல் மேலும் சில ஆண்டுகள் பயன்படுத்த உதவும் எளிய மாற்றங்களுள் இதுவும் ஒன்று. எனினும், எவ்வளவு நினைவகத்தைச் சேர்க்கலாம் என்பதைத் தாய்ப்பலகையும் இயங்குதளமுமே முடிவு செய்கின்றன. இதனைக் கவனியாமல் வாங்கப்படும் பலகை பொருந்தாமல் போகலாம். பொருந்தினாலும் அதன் ஒரு பகுதி மட்டுமே பயன்படலாம்.

பயன்

இயங்கிக்கொண்டிருக்கும் நிரல்களும் அவற்றின் தரவுகளும் முதன்மை நினைவகத்தில் இருக்கின்றன. அங்கு இடம் போதாதபோது, உடனடியாகத் தேவைப்படாத பகுதிகளை இயங்குதளம் வன்தட்டுக்கு மாற்றி, தேவைப்படும்போது மீண்டும் எடுத்து வருகிறது. இம்முறை மெய்நிகர் நினைவகம் எனப்படும். ரேமிலிருந்து ஒரு தரவைப் பெற ஏறத்தாழ 100 நானோநொடி போதுமானது. சுழலும் வன்தட்டிலிருந்து அதைப் பெற ஏறத்தாழ 10 மில்லிநொடி ஆகும். அதாவது வன்தட்டு 1,00,000 மடங்கு மெதுவானது.

ஒரு நிரலிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போதெல்லாம் வன்தட்டு விளக்கு நெடுநேரம் எரிவது நினைவகப் பற்றாக்குறையின் அறிகுறியாகும். அத்தகைய கணினியில் நினைவகத்தைக் கூட்டினால் வேகம் தெளிவாக உயரும். பற்றாக்குறை இல்லாத கணினியில் பெரிய பயன் இராது. நுண்செயலியின் வேகம் இதனால் மாறுவதில்லை.

பலகை வகைகள்

ஒரு வகைக்கான செருகுவாயில் மற்றொரு வகைப் பலகையைப் பொருத்த இயலாது. மேசைக் கணினிகளில் பரவலாகப் பயன்பட்ட வகைகள் பின்வருமாறு:

* எஸ்டி ரேம்: 168 தொடுமுனைகள், 3.3 வோல்ட்
* டிடிஆர்: 184 தொடுமுனைகள், 2.5 வோல்ட்
* டிடிஆர்2: 240 தொடுமுனைகள், 1.8 வோல்ட்
* டிடிஆர்3: 240 தொடுமுனைகள், 1.5 வோல்ட்
* டிடிஆர்4: 288 தொடுமுனைகள், 1.2 வோல்ட்

டிடிஆர்2, டிடிஆர்3 ஆகியவற்றின் தொடுமுனை எண்ணிக்கை ஒன்றே. ஆயினும் பலகையின் விளிம்பிலுள்ள வெட்டு வெவ்வேறு இடத்தில் அமைந்திருப்பதால் தவறாகப் பொருத்துவது தடுக்கப்படுகிறது. ஒரே வகையைச் சேர்ந்த, வேறுபட்ட வேகமுடைய இரு பலகைகளைச் சேர்த்துப் பொருத்தினால், பொதுவாக இரண்டும் மெதுவான பலகையின் வேகத்திலேயே இயங்கும்.

வரம்புகள்

மொத்தக் கொள்ளளவு: பழைய கணினிகளில் நினைவகத்தைக் கட்டுப்படுத்துவது தாய்ப்பலகையிலுள்ள சிப்செட் ஆகும். 2000 ஆம் ஆண்டில் வெளியான இன்டெல் 815 சிப்செட் 512 மெகாபைட்டுக்கு மேல் ஏற்காது. வெற்றுச் செருகுவாய் இருப்பதனால் மட்டும் நினைவகத்தைக் கூட்டிவிட முடியாது.

சில்லின் அடர்த்தி: 1998 இல் வெளியான இன்டெல் 440பிஎக்ஸ், 128 மெகாபிட் வரையிலான சில்லுகளையே முழுமையாக அறியும். எனவே 16 சில்லுகள் கொண்ட 256 மெகாபைட் பலகை அதில் முழுமையாகப் பயன்படும். அதே கொள்ளளவை 8 சில்லுகளில் அடக்கிய பலகை பாதியளவாக, அதாவது 128 மெகாபைட்டாகக் காட்டப்படலாம், இயங்காமலும் போகலாம்.

விரைவு நினைவகம்: 1997 இல் வெளியான இன்டெல் 430டிஎக்ஸ் 256 மெகாபைட் வரை ஏற்கும். ஆனால் அதன் கேச் எனப்படும் விரைவு நினைவகம் முதல் 64 மெகாபைட்டுக்கு மட்டுமே உதவும். அதற்கு அப்பாலுள்ள பகுதியில் இயங்கும் நிரல்கள் மெதுவாகும். இதனால், நினைவகத்தைக் கூட்டிய பின் கணினியின் வேகம் குறைவதும் உண்டு.

இயங்குதளம்: விண்டோஸ் 98 இல் 512 மெகாபைட்டுக்கு மேல் பொருத்தினால், நினைவகம் போதவில்லை என்னும் பிழைச்செய்தி தோன்றக்கூடும். 32-பிட் விண்டோஸ் எக்ஸ்பியில் 4 கிகாபைட் பொருத்தினாலும், முகவரிகளின் ஒரு பகுதி காட்சி அட்டை முதலிய கருவிகளுக்குச் செல்வதால் பெரும்பாலும் 3 முதல் 3.5 கிகாபைட் வரையே பயன்படும்.

பொருத்தும் முறை

# தாய்ப்பலகையின் மாதிரிப் பெயரைக் கண்டறிந்து, அதன் கையேட்டில் ஏற்கத்தக்க வகையையும் உச்ச அளவையும் பார்க்க வேண்டும்.
# கணினியை நிறுத்தி, மின்வடத்தைக் கழற்றிவிட வேண்டும்.
# நிலைமின்னால் சில்லுகள் பழுதடையாதிருக்க, வேலையைத் தொடங்குமுன் பெட்டியின் வண்ணம் பூசப்படாத உலோகப் பகுதியைத் தொட வேண்டும்.
# செருகுவாயின் இருபுறப் பிடிகளையும் விலக்கி, பலகையின் வெட்டைச் செருகுவாயின் மேட்டுடன் பொருத்த வேண்டும்.
# பிடிகள் தாமே மூடிக்கொள்ளும் வரை இரு முனைகளையும் சீராக அழுத்த வேண்டும்.
# கணினியை இயக்கி, காட்டப்படும் மொத்த அளவைச் சரிபார்க்க வேண்டும்.

திரை இருண்டிருக்க, கணினி மீண்டும் மீண்டும் ஒலி எழுப்பினால், பலகை சரியாகப் பதியாமல் இருக்கலாம். மின்வடத்தைக் கழற்றிய பின் பலகையை எடுத்து மீண்டும் பொருத்த வேண்டும்.

சோதித்தல்

பழைய வகைப் பலகைகள் பெரும்பாலும் முன்பே பயன்படுத்தப்பட்டவையாகக் கிடைக்கின்றன. பழுதான பலகை எப்போதும் கணினியை நிறுத்திவிடுவதில்லை. நினைவகத்தில் ஒரு பிட் மாறிய கோப்பு அப்படியே வன்தட்டில் சேமிக்கப்பட்டு, பிழை பின்னரே தெரியவரலாம். ஆகவே முக்கியமான கோப்புகளைத் திறக்குமுன், மெம்டெஸ்ட்86+ போன்ற கட்டற்ற சோதனை நிரலை ஒரு முழுச் சுற்றேனும் இயக்குவது நல்லது. ஒரே ஒரு பிழை காட்டப்பட்டாலும் அப்பலகையைப் பயன்படுத்தலாகாது.

இவற்றையும் பார்க்க

* தாய்ப்பலகை
* மெய்நிகர் நினைவகம்
* வன்தட்டு