247 எழுத்து, 31 விசை! கம்ப்யூட்டரில் தமிழ் ஏறிய கதை

கோவில்பட்டியைச் சுற்றிப் பரந்து கிடப்பது கரிசல் மண். மழையை நம்பிய பூமி. பருத்தி, கம்பு, சோளம், உளுந்து, பாசிப்பயறு விளையும். மழை பொய்த்துவிட்டால்? நூல் மில் உண்டு. தீப்பெட்டி ஆபீஸ் உண்டு. இவற்றோடு இன்னொரு வழியையும் பெற்றோர்கள் நம்புகிறார்கள். பிள்ளைகளை "டைப் அடிக்க" அனுப்புவதுதான் அது!

காரணம் இருக்கிறது. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் குரூப்-4 பரீட்சை மூலம் தட்டச்சர் வேலைக்கும் ஆள் எடுக்கிறார்கள். அதற்கு டைப்ரைட்டிங் பரீட்சையில் தேறியிருக்க வேண்டும். எனவே "லோயர்", "ஹையர்" என்று படிப்படியாகப் படிக்கிறார்கள்.

ஆனால், இன்ஸ்டிடியூட்டில் நன்றாகப் பழகிய விரல்கள் கம்ப்யூட்டர் முன்னால் திகைத்து நின்றுவிடுவது உண்டு. டைப்ரைட்டரில் "க" இருந்த இடத்தில் கம்ப்யூட்டரில் வேறு எழுத்து வந்து நிற்கிறது!

ஒரே தமிழுக்கு ஏன் இத்தனை விதமான விசைப்பலகைகள்? இவற்றில் எதைப் படிப்பது நல்லது?

துப்பாக்கி கம்பெனி செய்த டைப்ரைட்டர்

இப்போது கம்ப்யூட்டரில் உள்ள இங்கிலீஷ் எழுத்து வரிசை புதிதல்ல. அதற்கு 150 வயது ஆகிறது! அமெரிக்காவைச் சேர்ந்த கிறிஸ்டோபர் ஷோல்ஸ் என்பவர் நண்பர்களுடன் சேர்ந்து அதை உருவாக்கினார். துப்பாக்கியும் தையல் எந்திரமும் செய்து வந்த ரெமிங்டன் கம்பெனி, 1874-ல் அந்த டைப்ரைட்டரை விற்பனைக்குக் கொண்டு வந்தது.

பிற்காலத்தில் இதைவிடச் சுலபமான பலகை ஒன்றும் வந்தது. ஆகஸ்ட் டுவோராக் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1936-ல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அடிக்கடி வரும் எழுத்துக்களை அவர் நடு வரிசையில் வைத்தார். உயிர் எழுத்துக்களை இடது கைக்குக் கொடுத்தார். ஆனாலும் மக்கள் பழைய பலகையை விடவில்லை. விரல் ஒரு முறை பழகிவிட்டால், அதை மாற்றுவது கடினம் அல்லவா?

யாழ்ப்பாணத்துக்காரரின் யோசனை

இங்கிலீஷில் 26 எழுத்துக்கள்தான். தமிழிலோ உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. மொத்தம் 247! டைப்ரைட்டரில் இருப்பதோ ஏறத்தாழ 45 விசைகள். ஒரு விசைக்கு இரண்டு எழுத்து என்றாலும் 90-தான் ஆகிறது. மீதி எழுத்துக்கள் எங்கே போகும்?

இதற்கு வழி கண்டவர் ஆர். முத்தையா. 1886-ல் யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் பிறந்தவர். மலேயா, சிங்கப்பூர் நாடுகளுக்குச் சென்று வேலை பார்த்தவர். அவர் செய்த யுக்திதான் "நகரா விசை".

சாதாரண விசையைத் தட்டினால் எழுத்து விழும். தாள் ஓர் இடம் நகரும். நகரா விசையைத் தட்டினால் குறி மட்டும் விழும், தாள் நகராது. முதலில் புள்ளியைத் தட்ட வேண்டும். பிறகு "க" விசையைத் தட்டினால், அந்தப் புள்ளிக்குக் கீழேயே "க" வந்து விழும். "க்" தயார்! இப்படியாக 247 எழுத்துக்களும் ஒரு சிறிய எந்திரத்தில் அடங்கின. அவர் வகுத்த முறைப்படி ஜெர்மனியில் தமிழ் டைப்ரைட்டர்கள் செய்யப்பட்டன.

கடைக்குக் கடை குழப்பம்

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. குழப்பமும் கூடவே வந்தது!

டைப்ரைட்டர் பழகியவர்களுக்கு அதே வரிசையில் ஒரு பலகை. "பாமினி" எழுத்துக்கு ஒரு பலகை. மத்திய அரசு 1980-களில் இந்திய மொழிகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக வகுத்த "இன்ஸ்கிரிப்ட்" என்று ஒன்று. அதில் இந்தி "க" எந்த விசையில் இருக்கிறதோ, அதே விசையில்தான் தமிழ் "க"வும் இருக்கும். மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் "முரசு அஞ்சல்" என்ற மென்பொருளை உருவாக்கினார். அதில் இங்கிலீஷ் எழுத்தின் ஓசையைக் கொண்டே தமிழை அடிக்கலாம்.

எழுத்துருக்களும் பல விதமாக இருந்தன. ஒரு கடையில் அடித்த கல்யாணப் பத்திரிகையை வேறு கடைக் கம்ப்யூட்டரில் திறந்தால், மாப்பிள்ளை பெயர் வர வேண்டிய இடத்தில் புரியாத கிறுக்கல் வந்து நிற்கும்! உலகம் முழுவதற்கும் பொதுவான "யூனிகோடு" முறை பரவிய பிறகுதான் இந்தத் தொல்லை குறைந்தது.

அரிச்சுவடியே பலகை ஆனது

1999 பிப்ரவரியில் சென்னையில் "தமிழிணையம் 99" மாநாடு நடந்தது. பல நாட்டுத் தமிழ் அறிஞர்களும் கம்ப்யூட்டர் நிபுணர்களும் கூடினார்கள். அதன் பயனாகப் பிறந்தது "தமிழ்99" விசைப்பலகை. அதே ஆண்டில் தமிழக அரசும் அதை ஏற்றுக்கொண்டது.

இதன் அமைப்பு அரிச்சுவடி படித்தவர்களுக்கு உடனே புரியும். உயிர் எழுத்துக்கள் இடது கைக்கு. மெய் எழுத்துக்கள் பெரும்பாலும் வலது கைக்கு. நடு வரிசையில் அ, இ, உ. அவற்றுக்கு நேர் மேலே ஆ, ஈ, ஊ. அதாவது, குறில் கீழே; நெடில் மேலே! அடிக்கடி வரும் க, ப, ம, த, ந, ய ஆகியவை வலது கையின் நடு வரிசையில் இருக்கின்றன.

12 உயிர், 18 மெய், ஒரு புள்ளி. ஆக 31 விசைகள் போதும். ஆய்தத்துக்கும் கிரந்த எழுத்துக்களுக்கும் "ஷிப்ட்" விசையைச் சேர்த்து அழுத்த வேண்டும்.

புள்ளி வைக்கும் வேலையில் பாதியைக் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்கிறது. "கம்பு" என்று அடிக்க வேண்டுமா? க, ம, ப, உ என்று நான்கு முறை தட்டினால் போதும். "ம"வுக்குப் பின் "ப" வந்ததும் "ம" தானாகவே "ம்" ஆகிவிடும். "பருத்தி" அடிக்க ப, ர, உ, த, த, இ. "த"வை இரண்டு முறை தட்டியதும் முதல் "த" தானாகப் புள்ளி பெற்றுவிடும்!

டைப்ரைட்டரில் "கோ" என்று அடிக்க இரட்டைச் சுழிக் கொம்பு, க, கால் என்று மூன்று தட்டு. தமிழ்99-ல் க, ஓ என்று இரண்டே தட்டு. எழுத்தின் உருவத்தை நினைக்க வேண்டியதில்லை. வாயால் சொல்லும் ஓசையை நினைத்தால் போதும்.

வலி, வழி, வளி

கோவில்பட்டிக்கு அருகே உள்ள இடைசெவலில் பிறந்தவர் எழுத்தாளர் கி. ராஜநாராயணன். கரிசல் காட்டு மக்களின் பேச்சை எழுத்தில் ஏற்றியவர். அந்த வட்டார வழக்குச் சொற்களுக்கு அகராதியும் தந்தவர். இன்று அதே மண்ணில் பல பிள்ளைகள் போனில் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதுகிறார்கள். வலி, வழி, வளி மூன்றும் ஒன்றுபோல் ஆகிவிடுகின்றன! ல, ழ, ள வித்தியாசம் விரலிலிருந்து போய்விட்டால், நாளடைவில் மனத்திலிருந்தும் போய்விடாதா?

எதைப் படிக்கலாம்?

தட்டச்சர் வேலையை நாடுகிறவர்கள் டைப்ரைட்டர் வரிசையைத்தான் பழக வேண்டும். பரீட்சைக்கு அதுவே தேவை. பாதியில் வேறு பலகைக்கு மாறினால் வேகம் குறையும். கம்ப்யூட்டரில் வேலை செய்யும்போதும் அதற்கான மென்பொருள் மூலம் அதே வரிசையில் அடிக்கலாம்.

மற்றவர்களுக்குத் தமிழ்99 நல்லது. பள்ளிப் பிள்ளைகள் மட்டும் அல்ல, முதியோர் கல்வியில் எழுத்துக் கூட்டப் பழகிய தாய்மார்களும் கற்கலாம். இங்கிலீஷ் ஓர் எழுத்துக்கூடத் தெரிய வேண்டியதில்லை. ஐபோனில் 2013 முதலும், விண்டோஸ் கம்ப்யூட்டரில் 2019 முதலும் இந்தப் பலகை உள்ளேயே வருகிறது. அமைப்புப் பகுதியில் தமிழைத் தேர்ந்து எடுத்தால் போதும். தனியாகக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

பழக விரும்புகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. கம்ப்யூட்டர் பலகையின் நடு வரிசையில் இரண்டு விசைகள் மேல் சிறு மேடு இருக்கும். இரண்டு ஆள்காட்டி விரல்களையும் அவற்றின் மேல் வைக்க வேண்டும். தமிழ்99-ல் இடது மேடு, புள்ளி. வலது மேடு, "ப". இந்த இரண்டு இடங்களும் மனத்தில் பதிந்துவிட்டால், மற்ற விசைகளைப் பார்க்காமலே விரல் கண்டுபிடித்துவிடும். தினம் அரை மணி நேரம் பழகுங்கள். முதலில் அம்மா, அப்பா. பிறகு சொந்த ஊரின் பெயர்!