வேஷமும் விஷமும்

சென்ற மாதம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஐரோப்பிய சரித்திரம் போதிக்கையில், 1934-ம் வருஷம் நூரம்பெர்க் நகரில் நடந்த நாஜிக் கட்சி மாநாட்டைப் பற்றிய படத்தில் ஒரு பகுதியைத் திரையிட்டுக் காட்டினோம். கொடிகள் அசைந்தன, பேரிகை முழங்கிற்று, எண்ணிறந்த வீரர்கள் வரிசை பிசகாமல் நடந்து சென்றனர். படம் முடிந்ததும் முதல் பெஞ்சியிலிருந்த ஒரு பையன், "என்ன ஒழுங்கு, ஸார்! எவ்வளவு அழகு!" என்றான். அவன் கெட்ட பையன் அல்லன்; இரக்கமுள்ள பிள்ளை. ஆயினும் அவனுக்கு உடனே பதில் சொல்ல நமக்கு நா எழவில்லை. அந்தப் படம் எந்தக் காரியத்துக்காக எடுக்கப்பட்டதோ, அந்தக் காரியத்தைத் தொண்ணூறு வருஷங்களுக்குப் பின்பு நமது வகுப்பறையிலேயே நிறைவேற்றிவிட்டது!

"சித்தத்தின் வெற்றி" என்னும் பெயருடன் 1935-ல் வெளிவந்த அப்படத்தை எடுத்தவர் லேனி ரீஃபென்ஷ்டால் என்னும் மாது. கொடிக்கம்பம் ஒன்றில் தூக்கியைப் பொருத்தி, காமிராவை மேலும் கீழும் செலுத்திப் படம் பிடித்தார்கள். ஹிட்லரின் விமானம் மேகங்களைக் கிழித்துக்கொண்டு இறங்குவதுடன் படம் தொடங்குகிறது. அந்த ஆட்சியைப் பற்றி இன்று நாம் காணும் காட்சிகளில் மிகப் பல அவர்களே எடுத்தவை. திருடன் தன் கையாலேயே எழுதி வைத்த நற்சாட்சிப் பத்திரத்தைக் கொண்டு அவன் சரித்திரத்தை எழுதினால் எப்படியிருக்கும்? நாஜித் தலைவர்களைப் பாத்திரங்களாக்கிச் சரித்திரப் படம் எடுக்கப் புகும் ஒவ்வொருவருக்கும் முதற்கண் எதிர்ப்படும் சங்கடம் இதுவே.

இன்னொரு சங்கடமும் உண்டு. சரித்திரப் படம் என்ற உருவத்தையே நாஜிகள் தங்கள் ஆயுதமாகக் கொண்டிருந்தனர். 1933 மார்ச்சு மாதத்தில் பிரசார மந்திரியாகப் பதவியேற்ற ஜோசப் கோயபல்ஸ், ஹைடல்பெர்க் சர்வகலாசாலையில் டாக்டர் பட்டம் பெற்றவர். வெளிப்படையான பிரசங்கத்தைவிட, கதை கேட்கும் சுகத்தில் மெய்ம்மறந்திருக்கும் நெஞ்சில் விஷம் எளிதில் இறங்கும் என்பதை அறிந்தவர். 1940-ல் வெய்ட் ஹார்லன் என்ற டைரக்டர் அவருடைய ஆதரவில் "யூத ஸூஸ்" என்னும் படத்தை எடுத்தார். 1738-ல் ஷ்டுட்கார்ட் நகரில் தூக்கிலிடப்பட்ட ஒரு யூதரின் வரலாற்றைத் திரித்து, யூதர் அனைவர்மீதும் வெறுப்பு மூளும்படி சித்திரித்த படம் அது. பட்டாடையும் அரண்மனையும் கண்ணீரும் கலந்திருந்தமையால் சுமார் 2 கோடி ஜனங்கள் அதைப் பார்த்தார்கள். தமது எஸ். எஸ். படையினரும் போலீஸாரும் அதைக் கட்டாயம் பார்க்க வேண்டுமென்று ஹிம்லர் உத்தரவிட்டார். அடுத்த சில வருஷங்களில் நிகழ்ந்த படுகொலைகளை எண்ணும்போது, அந்த உத்தரவின் பொருள் நமக்கு விளங்கும்.

ஜெர்மனியில் இன்றும் இப்படத்தை நினைத்தபடி திரையிட இயலாது. இதுபோன்ற நாற்பதுக்கு மேற்பட்ட படங்களை, முன்னுரையும் பிறகு விவாதமும் உடன் இருந்தால் மட்டுமே காட்டலாம் என்பது விதி. விஷப் புட்டியின்மீது சீட்டு ஒட்டி வைப்பது போன்ற ஏற்பாடு இது. நாம் அந்தச் சீட்டை ஒட்டாமலே பிள்ளைகள் கையில் புட்டியைக் கொடுத்துவிட்டோம்!

இனி, எதிர்த் தரப்பில் நின்று படம் எடுத்தவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்ப்போம். முதலில் நினைவுக்கு வருபவர் சார்லி சாப்ளின். ஹிட்லரும் அவரும் 1889 ஏப்ரலில் நான்கு நாள் இடைவெளியில் பிறந்தவர்கள். 1940-ல் வெளியான "மகா ஸர்வாதிகாரி"யில் சாப்ளின் அந்தக் கொடுங்கோலனைக் கோமாளியாக்கி, பூமி உருண்டையைப் பலூன் போல் பந்தாட வைத்தார். பயத்தைச் சிரிப்பால் போக்குவது அவர் வழி. ஆனால் சிறை முகாம்களில் நடந்த கொடுமைகளை முன்பே அறிந்திருந்தால் அப்படத்தை எடுத்திருக்க முடியாதென்று அவரே பிற்காலத்தில் தமது சுயசரிதத்தில் ஒப்புக்கொண்டார். சிரிப்புக்கும் ஓர் எல்லை உண்டு.

2004-ல் ஓலிவர் ஹிர்ஷ்பீகல் வேறொரு வழியில் சென்றார். "வீழ்ச்சி" என்னும் படத்தில், பெர்லின் நிலவறையில் ஹிட்லர் கழித்த கடைசி நாட்களைக் காட்டினார். ஹிட்லர் வேஷம் பூண்ட புரூனோ கான்ஸ், 1942 ஜூனில் பின்லாந்தில் ஹிட்லருக்குத் தெரியாமல் பதிவான சுமார் 11 நிமிஷச் சம்பாஷணையைக் கேட்டு, மேடை முழக்கமற்ற அந்த இயல்பான குரலைப் பயின்றார். கை நடுங்கும் ஒரு கிழவர், சமையற்காரியிடம் பரிவுடன் பேசுகிறார். அடுத்த கணம் ஜெர்மானியர் அழிந்தாலும் கவலையில்லை என்கிறார். இவரை மனிதராகக் காட்டலாமா என்று பெரிய விவாதம் எழுந்தது. ஹிட்லரின் மரணத்தை மட்டும் கதவுக்குப் பின்னால் மறைப்பானேன் என்று விம் வெண்டர்ஸ் என்ற பிரபல டைரக்டர் கண்டித்தார்.

நமது அபிப்பிராயம் யாதெனில், மனிதராகக் காட்டுவதில் பிழையில்லை. பூதமாகக் காட்டினால், பூதம் நம் தெருவில் வராது என்று ஜனங்கள் நிம்மதியாக உறங்கிவிடுவார்கள். அப்படத்தின் முடிவில், ஹிட்லரின் காரியதரிசியாயிருந்த டிராடில் யுங்கே என்னும் மூதாட்டியே நேரில் தோன்றுகிறார். நாஜிகளை எதிர்த்துத் துண்டுப் பிரசுரம் வழங்கியதற்காக 1943-ல் கொல்லப்பட்ட ஸோஃபி ஷோல், ஏறக்குறைய தம் வயதுடையவள் என்பதைப் பிற்காலத்தில் உணர்ந்ததாகவும், இளமை ஒரு சாக்கு ஆகாது என்றும் சொல்கிறார். அந்த ஒரு நிமிஷம், அதற்கு முன் வந்த பீரங்கி முழக்கமெல்லாம் சேர்ந்தாலும் ஈடாகாது.

2024-ல் ஜோவாகிம் லாங் எடுத்த ஜெர்மன் படம் கோயபல்ஸையே நடுவில் நிறுத்துகிறது. ரோபர்ட் ஷ்டாட்லோபர் அவராக நடித்தார். நடிப்புக் காட்சிகளுக்கிடையே அக்காலத்து உண்மைப் படச்சுருள்களையும், உயிர் தப்பிய யூதர்களின் வாக்குமூலங்களையும் சேர்த்திருக்கிறார்கள். பொய் செய்யும் பட்டறையையும் பொய்யினால் வெந்தவரையும் ஒருங்கே காட்டும் இந்த முறை நமக்கு மிகவும் உகந்ததாகப் படுகிறது.

ஏனெனில், மேடையை மட்டும் காட்டினால் ஜெயம் கோயபல்ஸுக்கே. 1943-ல் கட்டளையிட்டு அவர் எடுப்பித்த "கோல்பெர்க்" என்ற வர்ணப் படம், 1807-ல் அந்நகரம் பகைவருக்குப் பணியாமல் நின்ற கதையைக் கூறுவது. அது 1945 ஜனவரியில் வெளியாயிற்று. மார்ச்சு மாதத்தில் அதே நகரம் வீழ்ந்தது. அச்செய்தி ராணுவ அறிக்கையில் வராதபடி கோயபல்ஸ் தடுத்துவிட்டார். ஏப்ரலில், தம் கீழிருந்த உத்தியோகஸ்தர்களைக் கூட்டி, நூறு வருஷத்துக்குப் பின் இந்த நாட்களைப் பற்றி அழகான வர்ணப் படம் ஒன்று எடுப்பார்கள், அதில் நல்ல பாத்திரமாக விளங்க வேண்டாமா என்று கேட்டதாகக் குறிப்பு உண்டு. சாகும் தறுவாயிலும் அவருக்குத் திரைதான் நினைவு! அந்த ஆசையை நிறைவேற்றுவதா, முறியடிப்பதா என்பது படம் எடுப்பவர் பொறுப்பு மட்டுமன்று, பார்ப்பவர் பொறுப்புமாகும்.

மறு வாரம் அதே படப் பகுதியை மீண்டும் காட்டினோம். இம்முறை கொடிக்கம்பத் தூக்கியைப் பற்றியும், அந்த அணிவகுப்புக்குச் சில மாதங்கள் முன்பு விசாரணையின்றிச் சுட்டுக் கொல்லப்பட்ட அவர்களுடைய கூட்டாளிகளைப் பற்றியும் முதலிலேயே சொல்லிவிட்டோம். பாதிப் படத்தில் முதல் பெஞ்சிப் பையன் எழுந்து நின்றான். "ஸார், அதோ! கொடிகளுக்கு நடுவே ஏதோ ஏறுகிறதே!" என்று கூவினான்.

மெய்தான். அந்தக் காமிராத் தூக்கி ஓரிடத்தில் படத்திலேயே பதிந்திருக்கிறது. அதன் பிறகு அவன் வீரர்களைப் பார்க்கவில்லை. படம் முடியும்வரை தூக்கியைத்தான் தேடிக்கொண்டிருந்தான்.