கெலிசாவை மாடிக்கு ஏற்றலாமா?

மாணவர்களே, சிம்பாங் அம்பாட்டில் இரட்டை மாடி வரிசை வீட்டில் வசிக்கும் மாணவர் ஒருவர் என்னிடம் கேட்டார்: “சார், மாடியில் என் அறை நடுவில் ஆறடி மீன்தொட்டி வைத்துக் கெலிசா வளர்க்கலாமா? தரை தாங்காது என்கிறார் அப்பா. நேர் கீழேதான் பாட்டி படுக்கிறார்.”

நல்ல கேள்வி. கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம்.

தொட்டியின் நீளம் 180 செ.மீ., அகலம் 60, உயரம் 60 என்று வைத்துக்கொள்வோம். விளிம்புவரை நிரப்பினால் 648 லிட்டர். ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோ. ஆக, நீர் மட்டுமே 648 கிலோ. தடித்த கண்ணாடி, மணல், கற்கள், தாங்கும் மேசை எல்லாம் சேர்ந்தால் ஏறக்குறைய 900 கிலோ. இந்த மீனின் பெயரைத்தான் பெரோடுவா நிறுவனம் 2001இல் தன் சிறிய காருக்குச் சூட்டியது. நம் தொட்டி அந்தக் காரைவிடக் கனமானது!

இனி தரையைப் பார்ப்போம். நம் நாட்டின் 1984ஆம் ஆண்டுக் கட்டடத் துணைச் சட்டங்களின்படி, வீட்டுத் தளம் தன் சொந்த எடையோடு சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன் சுமையையும் தாங்குமாறு வடிவமைக்கப்பட வேண்டும். அதாவது, சுமார் 150 கிலோ. தொட்டி அடைக்கும் இடமோ 1.08 சதுர மீட்டர்தான். அங்கே சதுர மீட்டருக்கு 830 கிலோவுக்கு மேல் அழுத்துகிறது. ஐந்து மடங்குக்கும் அதிகம்!

அப்படியானால் தரை உடனே இடிந்துவிடுமா? அப்படிச் சொல்ல முடியாது. 3 மீட்டருக்கு 4 மீட்டர் அறை முழுவதற்கும் கணக்கிட்டால் 1,800 கிலோ வரும். கட்டில், அலமாரி, மனிதர்கள் எல்லாருக்கும் உரிய அந்த அளவில் பாதியைத் தொட்டி ஒன்றே எடுத்துக்கொள்கிறது. அதுவும் ஒரே இடத்தில். எனவே, எவ்வளவு எடை என்பதோடு எங்கே வைக்கிறோம் என்பதையும் கேட்க வேண்டும்.

இதை வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். இரண்டு புத்தகங்களின் மேல் 30 செ.மீ. பிளாஸ்டிக் அடிக்கோலைப் பாலம்போல் வையுங்கள். நடுவில் பத்து 50 சென் காசுகளை அடுக்குங்கள். அடிக்கோல் வளையும். அதே காசுகளைப் புத்தகத்தின் ஓரத்துக்கு நகர்த்துங்கள். வளைவு வெகுவாகக் குறையும். மாடித் தளமும் இப்படித்தான். அதைத் தாங்கும் புத்தகங்கள், சுவருக்குள் மறைந்திருக்கும் உத்திரங்களும் தூண்களும்.

இன்னொன்று, காலம். விருந்துக்கு வந்த கூட்டம் இரவில் வீடு திரும்பிவிடும். தொட்டி இரவு பகலாக, ஆண்டுக்கணக்கில் அங்கேயே நிற்கும். நீடித்த சுமையில் கான்கிரீட் மெல்ல மெல்லத் தொய்யும். தொய்ந்தால் தொட்டி சாயும். கண்ணாடி விரிசல் விடலாம்.

மேசைக்கு நான்கு கால்கள் இருந்தால், 900 கிலோவும் நான்கு சிறு புள்ளிகளில் இறங்கும். பரப்பளவு குறைந்தால் அழுத்தம் கூடும். பள்ளியில் ‘தெக்கானான்’ என்று படிக்கிறீர்களே, அதுதான். தரை ஓடு வெடிக்கலாம். அடியில் தடித்த பலகை போட்டால் அழுத்தம் பரவும். ஆனால் மொத்த எடை ஒரு கிலோகூடக் குறையாது.

தளத்தின் சுமை விளையாட்டல்ல. நமக்கு அருகிலுள்ள பட்டர்வொர்த்தில், 1988 ஜூலை 31 அன்று, பெருங்கூட்டம் திரண்டிருந்த சுல்தான் அப்துல் ஹலிம் படகு முனையம் இடிந்து விழுந்தது. 32 பேர் உயிரிழந்தனர். 1,600க்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர்.

ஆகவே, பெரிய தொட்டிக்குக் கீழ்த்தளமே முதல் இடம். அங்கே தரைக்கு அடியில் மண் இருக்கிறது. மாடியில்தான் வேண்டும் என்றால், அடியில் உத்திரம் ஓடும் சுவரோரம் பாருங்கள். உத்திரம் எங்கே என்று ஊகிக்காமல், பதிவு பெற்ற கட்டடப் பொறியாளரிடம் கேளுங்கள். பலகைத் தரை கொண்ட பழைய வீடுகளுக்கு இது இன்னும் அவசியம். ஏற்கெனவே மாடியில் தொட்டி இருந்து, கீழ்க்கூரையில் புதிய விரிசல் தெரிந்தால், முதலில் நீரை இறைத்துவிடுங்கள்.

அந்த மாணவருக்கு என் பதில்: அப்பா சொல்வதில் நியாயம் இருக்கிறது. கெலிசாவைக் கீழே கூடத்தில் வையுங்கள். பாட்டியும் பார்த்து ரசிப்பார், நிம்மதியாகவும் தூங்குவார்.